போலீஸ் வேனில் ஏற்றிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அரசியல் செயல்பாட்டாளரைப் போலீஸ் கைது செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பேச்சுக்குக் கைதட்டுகிறவர்களும் உண்டு, பெயரைக் கேட்டாலே கொதிக்கிறவர்களும் உண்டு. அன்று இரவே ஒரு வீடியோ வெளிவருகிறது. நாலைந்து காவலர்கள் அவரைத் தூக்கி வேனுக்குள் தள்ளுகிறார்கள். மறுநாள் அவர் கையில் கட்டோடு நீதிமன்றத்துக்கு வருகிறார். அப்புறம் தொலைக்காட்சி விவாதம். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம், அவர் போன வருடம் யாரைத் திட்டினார், யாரிடம் பணம் வாங்கினார், அவருக்குப் பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது என்றே ஓடிவிடும். அந்தக் கை எப்படி ஒடிந்தது என்று கேட்க நேரம் இருக்காது.

நான் குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்காடுகிறவன். இப்படிப்பட்ட விவாதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. இரண்டு தனித்தனிக் கேள்விகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அவர் பேசியது குற்றமா என்பது ஒரு கேள்வி. அதற்கு நீதிமன்றம் பதில் சொல்லும், வருடங்கள்கூட ஆகலாம். காவலில் இருந்தபோது அவரை எப்படி நடத்தினார்கள் என்பது இன்னொரு கேள்வி. அதற்குப் போலீஸ் பதில் சொல்ல வேண்டும், அதுவும் உடனே சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

ஸ்டேன் சுவாமியை எடுத்துக்கொள்வோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்டில் பல பத்தாண்டுகள் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காகவும் வேலை செய்தவர். மகாராஷ்டிரத்தில் 2018இல் நடந்த வன்முறையை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கில், மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று குற்றம் சாட்டி, 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ அவரை ராஞ்சியில் கைது செய்தது. அப்போது அவருக்கு 83 வயது. நடுக்குவாத நோய் இருந்தது. தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கும். மும்பைக்கு அருகே தலோஜா சிறையில் இருந்துகொண்டு நவம்பர் தொடக்கத்தில் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார். என்ன கேட்டார் தெரியுமா? ஒரு உறிஞ்சு குழலும், மூடி போட்ட ஒரு சிப்பர் கோப்பையும். கைதின்போது எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்றார். பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் கேட்டது. அந்த நாட்கள் கழிந்ததும், அப்படி எதையும் நாங்கள் எடுக்கவில்லை என்று சொன்னது. அதற்குள் நாடு முழுக்கப் பேச்சாகி, சிப்பர் வாங்கித் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார்கள் மக்கள். கடைசியில் சிறை நிர்வாகம் ஒன்று கொடுத்தது. 2021 ஜூலை 5 அன்று, அவருடைய ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்த அதே நாளில், மருத்துவமனையில் இறந்துபோனார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

அவர் மாவோயிஸ்டுகளுக்கு வேண்டியவரா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். என் கேள்வி வேறு. கை நடுங்கும் கிழவருக்குத் தண்ணீர் குடிக்க ஒரு கோப்பை கொடுப்பதற்கு, அவர் எந்தக் கொள்கைக்காரர் என்று தெரிந்தாக வேண்டுமா? அன்று சமூக வலைத்தளங்களில் அப்படித்தான் பேசினார்கள். 'தீவிரவாதிக்கு ஸ்ட்ரா ஒரு கேடா' என்கிற தொனியில் வந்ததைப் படித்தபோது மனசு ரொம்பக் கனத்துப் போனது.

இதற்கு நேர்மாறாக நம் தமிழ்நாட்டிலேயே ஒன்று நடந்தது. 2020 ஜூன், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்திய தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் உயிரோடு திரும்பவில்லை. மாநிலமே ஒரே குரலில் கொதித்தது. ஏன்? அவர்கள் நம்மைப் போன்றவர்கள், நமக்கு நாளைக்கு நடக்கலாம் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதே அடி, நமக்குப் பிடிக்காத கொள்கையைப் பேசுகிற ஒருவர் மேல் விழுந்தால், நம்மில் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறோம். மீதிப்பேரில் சிலர் 'மாவுக்கட்டு' என்று எழுதிச் சிரிப்புப் படம் போடுகிறார்கள். கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தது என்ற விளக்கத்தைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே கேள்வி எழுப்பியிருக்கிறது. நாம் அதைப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 22ஆவது பிரிவு: கைதான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாக விதிகள் வகுத்தது. கைது செய்கிற காவலர் தம் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைது மெமோ ஒன்று எழுதி, அதில் தேதியும் நேரமும் குறித்து, குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இந்த வழக்கு எதிலிருந்து பிறந்தது என்றால், காவல் மரணங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைச் சேர்த்து, 1986இல் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து.

கைது மெமோவில் நேரம் எழுதுவது சின்ன விஷயம் போலத் தோன்றும். நடைமுறையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. விடியற்காலையில் மஃப்டியில் வந்து 'சும்மா விசாரணைக்குத்தான், வாங்க' என்று கூட்டிப்போவார்கள். மெமோவில் கைது நேரம் மாலை ஆறு மணி என்று இருக்கும். இடையில் ஓடிய பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அடி விழுந்தது என்று பின்னால் புகார் வந்தால், அது பெரும்பாலும் இந்த நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதனால்தான் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் படம் பிடிக்கக்கூடிய, ஒலியையும் பதிவு செய்கிற சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்தில் அந்தப் பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைத்திருந்ததை, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டு எழுதியிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவது. வெளியில் இருப்பவர்கள் பார்க்காத இடம் இது. விடுமுறை நாள் என்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே நடக்கும். கைதானவர் நிற்கிறார், பக்கத்தில் எஸ்.ஐ., பின்னால் இரண்டு காவலர்கள். 'போலீஸ் அடிச்சாங்களா?' என்று மாஜிஸ்திரேட் கேட்கிறார். அவர் எஸ்.ஐ.யைப் பார்க்கிறார். இவர்களோடுதான் திரும்ப வேனில் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 'இல்லைங்கய்யா.' பதிவாகிவிடுகிறது. சில மாஜிஸ்திரேட்டுகள் முதலில் போலீஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்து, காயம் எங்கே, எவ்வளவு நீளம் என்று தம் கைப்பட எழுதுவார்கள். கேள்வி அதேதான், கேட்கிற விதத்தில் வருகிறது வித்தியாசம். எத்தனையோ தலையங்கங்களால் ஆகாததை அந்த ஐந்து நிமிடம் செய்துவிடும்.

நியூஸ்கிளிக் என்ற செய்தி இணையதளத்தின் நிறுவனர் பிரபிர் புர்காயஸ்தா விஷயத்தில் அந்த ஐந்து நிமிடம் எப்படி நடந்தது என்று பாருங்கள். 2023 அக்டோபர் 3 அன்று டெல்லி போலீஸ் அவரை உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தது. சீனாவிலிருந்து பணம் வாங்கினார் என்று ஒரு பக்கம், பத்திரிகைச் சுதந்திரம் என்று மறுபக்கம், நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. மறுநாள் அதிகாலையிலேயே, அவருடைய வழக்கறிஞருக்குத் தகவல் போவதற்கு முன்பே, நீதிபதியின் வீட்டில் ரிமாண்ட் முடிந்துவிட்டது. 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்கவில்லை என்பதற்காக அந்தக் கைதே செல்லாது என்று சொல்லி அவரை விடுவிக்க உத்தரவிட்டது. சீனப் பணம் வந்ததா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. தொலைக்காட்சியில் நம்மால் பிரித்துப் பார்க்க முடியாத இரண்டு கேள்விகளை அங்கே பிரித்துப் பார்த்தார்கள்.

கைவிலங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980இல், திகார் சிறையின் விசாரணைக் கைதி ஒருவர் அனுப்பிய தந்தியையே மனுவாக ஏற்று, விலங்கு மாட்டுவது மனிதத்தன்மையற்றது, தப்பி ஓடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பத்து வருடம் கழித்து மத்தியப் பிரதேசத்தில், பழங்குடி விவசாயிகள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் தர்ணா செய்து கைதானபோது, அவர்களுக்கு விலங்கு மாட்டி நீதிமன்றத்துக்கு நடத்திச் சென்றார்கள். அதையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இப்போது 2024 ஜூலையில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 43ஆவது பிரிவு, கொலை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற சில குற்றங்களில் விலங்கு மாட்ட இடம் கொடுக்கிறது. 'அரசுக்கு எதிரான குற்றம்' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மேடைப் பேச்சை அந்தத் தலைப்பின் கீழ் கொண்டுவருவது அவ்வளவு கடினமில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓடிவிடுவார் என்ற பயம் இல்லாத ஆளை, கேமராக்கள் காத்திருக்கும் வாசல் வழியாக விலங்கோடு நடத்துவது தண்டனைதான். தீர்ப்புக்கு முன்பே கொடுக்கிற தண்டனை.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழி. அதில் போட்டுவிட்டால், விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். 24 மணி நேர விதி அங்கே பொருந்தாது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தாலும், அதற்குள் பல மாதம் சிறையில் போயிருக்கும்.

போலீஸ் தரப்பில் எதுவும் இல்லையா? இருக்கிறது. மறியலில் கல் விழுகிறது, பெண் காவலரைத் தள்ளிவிடுகிறார்கள், ஒருவரை வேனில் ஏற்றவே பத்துப் பேர் தேவைப்படுகிறது. ஓய்வே இல்லாமல் பந்தோபஸ்தில் நிற்கிற காவலர்களை நான் தினமும் பார்க்கிறேன். கைதுக்கு முரண்டு பிடித்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தச் சட்டமே அனுமதிக்கிறது. ஆதரவாளர்களும் சில நேரம் ஒரு கீறலை எலும்பு முறிவு என்று பரப்பி, உண்மையான புகாரையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த அனுமதி வேனில் ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறது. கதவு சாத்திய பிறகு அவரால் யாரையும் தடுக்க முடியாது. அதன் பிறகு விழுகிற ஒவ்வோர் அடிக்கும் காவல் துறைதான் கணக்குச் சொல்ல வேண்டும்.

கட்சி சார்ந்து மட்டும் கோபப்படுகிறவர்களுக்கு 1976ஐ ஞாபகப்படுத்த விரும்புகிறேன். நெருக்கடி நிலையில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க இடம் கொடுத்த மிசா சட்டத்தில் பிடிபட்டவர்களைச் சென்னை மத்தியச் சிறையில் அடித்து நொறுக்கினார்கள். சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு அங்கே அடிபட்டவர், 1977 ஜனவரியில் இறந்தார். அப்புறம் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் வந்து விசாரித்ததால்தான் உள்ளே நடந்தது அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. அடிபட்டவர்களின் கட்சி பிறகு பலமுறை ஆட்சிக்கு வந்தது. காவல் துறை அதன் கையிலும் இருந்தது, அதை எதிர்த்தவர்கள் கையிலும் இருந்தது. எந்த ஆட்சியிலும் காவல் நிலையத்தில் அடி நின்றுவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படிக் கைதானால், அவர் கருத்து உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும், சில காரியங்களை உடனே செய்யுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், எந்த வண்டியில், யார் பார்த்தார்கள் என்று அப்போதே எழுதி வையுங்கள். கைது மெமோவில் கையெழுத்துக் கேட்டால் நேரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், தவறாக இருந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பி (காயங்களைக் குறித்துவைக்கும் மருத்துவமனைப் பதிவேட்டின் நகல்) வேண்டும் என்று வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அது சட்ட உதவிக்கான தேசிய எண். காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. காவல் நிலைய சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.