இறால் பண்ணை வழக்கும் நம் தேயிலை மலையும்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் ஹட்டனில் ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். நான் மேற்படிப்பில் என்ன படித்தேன் என்று ஒரு பிள்ளை கேட்டாள். சர்வதேச முதலீட்டுச் சட்டமும் நடுத்தீர்ப்பும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது நமக்கு எதுக்கு மிஸ்?" என்றாள். அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால் இன்று இந்த வானொலியில் கிடைத்திருக்கும் நேரத்தை அவளுக்குச் சரியான பதில் சொல்வதற்கே எடுத்துக்கொள்கிறேன். தங்கச்சி, கேட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நடுத்தீர்ப்பு என்றதும் நம் ஆட்களுக்கு மத்தியஸ்த சபைதான் நினைவுக்கு வரும். வேலித் தகராறு, கடன் தகராறு என்று போனால் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி ஒரு இணக்கத்துக்குக் கொண்டுவருவார்களே, அது. நடுத்தீர்ப்பில் இணக்கம் வராவிட்டாலும் முடிவு வந்துவிடும். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவர்கள், பெரும்பாலும் மூன்று பேர், வாதங்களைக் கேட்டுத் தீர்ப்புக் கொடுப்பார்கள். அது இரு தரப்பையும் கட்டும். ஒரு பக்கம் வெளிநாட்டு முதலீட்டாளர், மறுபக்கம் ஒரு நாட்டின் அரசாங்கம் என்று வந்தால், அதுதான் முதலீட்டு நடுத்தீர்ப்பு. இதற்கென்று உலக வங்கியின் குடையின் கீழ் வொஷிங்டனில் ஒரு நிலையம் இருக்கிறது. ஐ.சி.எஸ்.ஐ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அதை உருவாக்கிய 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை 1967லேயே சேர்ந்துவிட்டது. அங்கே வரும் தீர்ப்பை, பணத்தைப் பொறுத்தவரை, உறுப்பு நாடுகள் தங்கள் சொந்த நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற வேண்டும்.

சரி, இதற்கும் நம் தேயிலை மலையிலிருக்கும் லிந்துலைக்கும் மஸ்கெலியாவுக்கும் என்ன தொடர்பு?

என் பாட்டி 1975ஐப் பற்றிப் பேசினால், துரைமார் போனதைச் சொல்வதற்கு முன்னால் அதற்கு முந்தைய பஞ்சத்தில் மாவுக்கு வரிசையில் நின்றதைத்தான் சொல்வார். அந்த ஆண்டில்தான் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, கம்பனிகளின் கையிலிருந்த தோட்டங்களை அரசு எடுத்தது. அவற்றில் லண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்களும் இருந்தன. நட்டஈட்டுப் பேச்சு கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையில் நடந்தது. அந்த மலைகளில் மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் அந்தப் பேச்சில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பலரிடம் அப்போது குடியுரிமையே இல்லை.

ஐந்து வருடம் கழித்து, 1980 பெப்ரவரியில், இலங்கையும் பிரித்தானியாவும் முதலீடுகளைப் பாதுகாக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இடையில் 1977இல் திறந்த பொருளாதாரம் வந்திருந்தது. வெளிநாட்டுப் பணத்தை அழைக்க வேண்டியிருந்தது. வந்த பணத்தைத் திரும்பப் பறிக்க மாட்டோம் என்ற உறுதியையும் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய தேயிலைத் தோட்டக் கதை அந்த ஒப்பந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஒப்பந்தம் பின்னர் ஹொங்கொங்குக்கும் நீட்டிக்கப்பட்டது. அங்கிருந்துதான் மட்டக்களப்புக் கதை தொடங்குகிறது.

ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் என்று ஒரு ஹொங்கொங் கம்பனி. மட்டக்களப்பு மாவட்டத்தில் இறால் வளர்த்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்த ஓர் உள்ளூர்க் கம்பனியில் அதற்குப் பங்கு இருந்தது. 1987 ஜனவரி 28ஆம் திகதி பாதுகாப்புப் படையினர் அந்தப் பகுதியில் நடத்திய நடவடிக்கையில் பண்ணை அழிந்தது. பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனங்கள் இன்றும் அந்த நாளை மறக்கவில்லை.

கம்பனி வொஷிங்டனுக்குப் போனது. தனக்கும் இலங்கை அரசுக்கும் இடையில் நேரடியாக எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் இரண்டு அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பலத்தில் வழக்குப் போட்டது. இப்படி ஒரு நாடு இன்னொரு நாட்டோடு செய்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி ஐ.சி.எஸ்.ஐ.டி.யில் தீர்ப்புப் பெற்ற முதல் வழக்கு இதுதான். இன்றைக்கு உலகம் முழுவதும் இந்த வகை வழக்குகள் 1,300ஐத் தாண்டிவிட்டன. எந்த நாட்டில் இந்தப் பாடத்தைப் படித்தாலும் முதல் சில வாரங்களிலேயே இந்த வழக்கு வரும். நான் படித்த வகுப்பில் விரிவுரையாளர் பலகையில் "ஸ்ரீலங்கா, 1990" என்று எழுதியபோது பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கோ, அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும் ஊரில் யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லையே என்ற வேதனைதான் வந்தது.

தீர்ப்பு 1990 ஜூன் 27ஆம் திகதி வந்தது. ஒப்பந்தத்தில் "முழுப் பாதுகாப்பு" என்ற வார்த்தை இருப்பதால் என்ன நடந்தாலும் அரசுதான் பொறுப்பு என்று கம்பனி வாதிட்டது. நடுவர்கள் அதை ஏற்கவில்லை. அரசு காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டியதா என்பதுதான் கேள்வி என்றார்கள். பண்ணையில் சந்தேகத்துக்குரியவர்கள் இருந்தால் நிர்வாகத்தோடு பேசி அவர்களை விலக்க வழி இருந்தது. அந்த அமைதியான வழியை முயலாமல் ஆயுதத்தோடு இறங்கியதால் அரசு அந்தக் கவனத்தைக் காட்டவில்லை என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. மூன்று நடுவர்களில் ஒருவரான கானா நாட்டுச் சட்ட அறிஞர் சாமுவேல் அசாந்தே மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

கம்பனி கேட்டது 80 லட்சம் டொலருக்கும் மேல். கிடைத்தது 4 லட்சத்து 60 ஆயிரம் டொலரும் வட்டியும். வருங்கால இலாபம், கம்பனியின் நற்பெயர் என்று கேட்டவற்றை நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். பண்ணை அப்போதுதான் வியாபாரத்தில் கால் வைத்திருந்தது, இலாபத்துக்கு நம்பகமான சான்று இல்லை என்பது காரணம். நட்டஈட்டைக் கணக்கிடும் இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அப்பா தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் முழுப் பேர் விழுந்ததா, அரைப் பேர்தானா என்று கேட்டவர். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். யார் எடை போட்டது, தராசு சரியா, தண்ணிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று ஒவ்வொரு நாளும் கேள்வி. ஒரு தொழிலின் பெறுமதியை எப்படிக் கணக்கிடுவது, எந்தத் திகதியின் கணக்கைப் பிடிப்பது, யார் கொடுத்த கணக்கை நம்புவது என்று வகுப்பில் வாதாடும்போதெல்லாம் அந்த மடுவம்தான் என் கண்முன் நின்றது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பண்ணையில் செத்தவர்களின் குடும்பங்கள் வொஷிங்டன் வழக்கில் எங்கும் இல்லை. அவர்களுக்கு அங்கே போக வழியே இல்லை. ஒப்பந்தம் உரிமை கொடுத்தது முதலீட்டாளருக்கு மட்டும்தான். பங்கு வைத்திருந்தவருக்குக் கதவு திறந்தது. குளத்தில் இறங்கி இறாலுக்குத் தீனி போட்டவருக்குத் திறக்கவில்லை. நம் ஆட்களும் ஒரு காலத்தில் வெளியே ஒரு கதவைத் தட்டிப் பார்த்தவர்கள்தான். குடியுரிமைச் சட்டத்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் இழந்தபோது, கோடகன் பிள்ளை வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1953இல் அங்கே தோற்றோம். அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தோட்டத் தொழிலாளி காட்டக்கூடிய எந்த ஒப்பந்தமும் அன்றைக்கு இல்லை.

இதனால் இந்தச் சட்டத்துறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலீடு வேண்டும், வந்தவரைக் கொள்ளையடிக்கவும் கூடாது. ஆனால் இந்த ஒப்பந்தங்களை எழுதும் மேசையிலும், அவற்றை வைத்து வாதாடும் மேசையிலும், மறுபக்கத்து வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும். அதைத்தான் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலமாக நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது தோட்டக் கம்பனிகள் கொழும்பில் நீதிமன்றம் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது உள்நாட்டு வழக்கு. எகிப்தில் நடந்ததைக் கேளுங்கள். அலெக்சாந்திரியா நகரத்தின் குப்பை அள்ளும் வேலையை வியோலியா என்ற பிரெஞ்சுக் கம்பனி எடுத்திருந்தது. 2012இல் அது எகிப்து அரசை ஐ.சி.எஸ்.ஐ.டி.க்கு இழுத்தது. முறைப்பாடுகள் பல, அதில் ஒன்று, குறைந்தபட்சச் சம்பளம் உட்படத் தொழில் சட்ட மாற்றங்களால் கூடிய செலவுக்கு ஒப்பந்தப்படி தரவேண்டிய கட்டண உயர்வைத் தரவில்லை என்பது. 2018இல் கம்பனி தோற்றது. ஆறு வருடம் கழித்துத்தான் அந்த முடிவு வந்தது. அந்த ஆறு வருடமும் ஒரு நாட்டின் அமைச்சர் அடுத்த சம்பள உயர்வில் கையெழுத்துப் போடும்போது எதை யோசிப்பார்? நாளைக்கு ஒரு தோட்டக் கம்பனியின் பங்கு வெளிநாட்டுக் கைக்குப் போனால் நம் ஆயிரமும் இரண்டாயிரமும் எந்த மேசையில் பேசப்படும்? தொழிற்சங்கத்துக்காரர் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இலங்கை ஜெயித்த வழக்கும் உண்டு. மின்நிலையம் கட்டவென்று பேச்சுவார்த்தையில் செலவழித்த மிஹாலி என்ற அமெரிக்கக் கம்பனியின் வழக்கு 2002இல் தள்ளுபடியானது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த அந்தச் செலவு முதலீடு ஆகாது என்றார்கள். எரிபொருள் விலை ஏற்றத்துக்கு முன்கூட்டியே காப்புத் தேடும் ஹெட்ஜிங் விவகாரத்தில் ஜேர்மனியின் டொய்ச்ச வங்கியிடம் 2012இல் 6 கோடி டொலருக்கு மேல் தோற்றோம். அப்படிப் போகும் பணம் நம் எல்லோருடையதும்தான்.

அப்புறம், படிப்பதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். முதலில் சட்டப் பட்டம். கொழும்பு, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம் என்று வாசல்கள் இருக்கின்றன. தமிழ் மொழியில் படித்தவர் பயப்பட வேண்டாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் இந்தத் துறையின் தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும்தான் வரும். ஆகவே முதல் வருடத்திலிருந்தே தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத் தீர்ப்பு வாசித்துப் பழகுங்கள். பெரும்பாலான தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் பாவனை வழக்குப் போட்டி எது வந்தாலும் பல்கலைக்கழக அணியில் சேர்ந்துவிடுங்கள். வியன்னாவில் ஒவ்வொரு வருடமும் நடக்கும் விஸ் போட்டி வணிக நடுத்தீர்ப்புக்கு. முதலீட்டு வழக்குகளுக்கென்று தனியாக இன்னொரு போட்டியும் உண்டு. எழுந்து நின்று கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் அங்கேதான் வரும்.

மேற்படிப்புக்கு லண்டன் குயின் மேரியில் 1985 முதல் நடுத்தீர்ப்புக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. ஜெனீவாவில் ஒரு சிறப்புப் பட்டம், ஸ்வீடனில் உப்சாலாவில் முதலீட்டு ஒப்பந்த நடுத்தீர்ப்புக்கென்றே ஒரு வருடப் படிப்பு, நமக்குக் கிட்டத்தில் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம். அங்கே பல வருடம் கற்பித்த பேராசிரியர் சொர்ணராஜா இலங்கையைச் சேர்ந்தவர்; இந்த முழு முறைமையையும் கடுமையாக விமர்சித்து உலகறிந்தவர். கட்டணம் நம் வீடுகளால் தாங்கக்கூடியது இல்லை. பிரித்தானிய அரசு கொடுக்கும் சீவ்னிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பியுங்கள். சீவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். பட்டம் முடிந்த கையோடு போக முடியவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். அந்த இரண்டு வருடத்தைத் தொழில் நியாயமன்ற வழக்குகளில் செலவழித்தவருக்கு வகுப்பில் கேட்க நல்ல கேள்விகள் இருக்கும்.

விண்ணப்பக் கடிதத்தில் எங்கள் ஊரைப் பற்றி எழுதலாமா, லயத்தில் பிறந்ததைச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் கஷ்டத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். 1975ஐயும் 1980ஐயும் 1987ஐயும் ஒரே பந்தியில் இணைத்து, இதைப் படித்து வந்து என்ன செய்வேன் என்று எழுதுங்கள்.

ஹட்டனில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு டியூஷன் வகுப்பறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு தீர்ப்பை வரி வரியாக வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் வாசிப்போம், தமிழில் சண்டை பிடிப்போம். இறால் பண்ணை வழக்கை முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. "அது நமக்கு எதுக்கு" என்று கேட்ட தங்கச்சி மூன்றாவது வாரம் வந்தாள். செத்தவர்களின் பெயர்கள் தீர்ப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு, தானே தேடத் தொடங்கினாள். வருகிற சனிக்கிழமை மிஹாலி வழக்கைத் தொடங்குகிறோம். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.