உக்காந்த இடத்துல புடவை வியாபாரம்

வணக்கம் நேயர்களே. ரொம்ப மெனக்கெடாம ஆன்லைன்ல நாலு காசு பாக்க ஏதாச்சும் வழி சொல்லுங்கன்னு தான் என்ன கூப்பிட்டிருக்காங்க, எனக்கு தெரிஞ்சது புடவை ரீசெல்லிங் மட்டும்தான், அதனால அத பத்தியே பேசறேன். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டா காசு, டெலிகிராம்ல டாஸ்க் முடிச்சா காசுன்னு மெசேஜ் வருது பாருங்க, அதெல்லாம் சுத்த திருட்டு வேலை, மொதல்ல நூறு எரநூறு போட்டு விட்டு ஆசை காட்டுவான், அப்புறம் நம்மகிட்டயே டெபாசிட் கேப்பான். யாராச்சும் மாட்டியிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் பண்ண பண்ண அந்த காசு கைமாறிப் போயிரும்.

சரி, புடவைக்கு வருவோம். சேலம் பக்கத்துல இளம்பிள்ளை, தறி ஓடுற ஊரு. அங்க புடவை நெய்யறவங்க, ஹோல்சேல் பண்றவங்க நெறைய பேரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்காங்க, தினமும் புது டிசைன் போட்டோ வந்து கொட்டும். அத நாம எடுத்து நம்ம ஸ்டேட்டஸ்ல போடணும், அவங்க ரேட் 650ன்னா நாம ஒரு நூறு வெச்சு 750 பிளஸ் கொரியர்னு போடறது, ஆர்டர் வந்தா கஸ்டமர்கிட்ட காச வாங்கி நம்ம நூற எடுத்துகிட்டு மீதிய அவங்களுக்கு ஜிபே பண்ணி அட்ரஸ அனுப்பிட்டா போதும், ஃப்ரம் அட்ரஸ்ல நம்ம பேர போட்டு அவங்களே பார்சல் அனுப்பிருவாங்க. ஸ்டாக் வாங்கி பீரோவுல அடுக்க வேணாம், கடை வாடகை வேணாம். குரூப்ல சேரவே காசு கேக்கறாங்கன்னா மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.

கேக்க ஈஸியா இருக்குல்ல, ஆனா வேலை எங்க இருக்குன்னா பதில் சொல்றதுல தான் இருக்கு. அக்கா வேற கலர் இருக்கா, முந்தி கிட்ட காட்டுங்க, பிளவுஸ் அட்டாச்சா, துவைச்சா சாயம் போகுமா, இத்தனையும் கேட்டுட்டு அவர்கிட்ட கேட்டு சொல்றேன்னு போவாங்க, அவரு என்ன சொன்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் நமக்கு தெரியாது. நூறு ரூவாக்கு அரை நாள் போயிரும்.

அதனால நான் சொல்றது ஊரையே கஸ்டமரா புடிக்காதீங்க. தெரிஞ்சவங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்க, அது போதும். ஒரே மெசேஜ பல பேருக்கு தனித்தனியா அனுப்பற வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் தான் சேக்க முடியும், அதுலயும் நம்ம நம்பர சேவ் பண்ணி வெச்சவங்களுக்கு மட்டும் தான் மெசேஜ் போகும், இது குறை மாதிரி தெரியும் ஆனா எனக்கு இதான் வடிகட்டி, நம்பர சேவ் பண்ற அளவுக்கு இஷ்டம் இருக்கறவங்க தான் வாங்குவாங்க. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல குயிக் ரிப்ளைன்னு ஒண்ணு இருக்கு, கொரியர் ரேட், எத்தன நாள் ஆகும், போட்டோல பாக்கறதுக்கும் நேர்ல பாக்கறதுக்கும் கலர் லேசா மாறும், டேமேஜ்னா பிரிக்கும் போதே எடுத்த அன்பாக்ஸிங் வீடியோ வேணும், இதெல்லாம் ஒரு தடவ டைப் பண்ணி வெச்சிட்டா அப்புறம் தட்டி விடறது தான். கேஷ் ஆன் டெலிவரி வேணவே வேணாம், பார்சல் திரும்பி வந்தா போக வர ரெண்டு கொரியர் காசும் நம்ம தலைல தான். பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் வந்தா நம்பாதீங்க, பேங்க் அக்கவுண்ட்ல ஏறிடுச்சான்னு பாத்துட்டு அட்ரஸ அனுப்புங்க.

இன்னொண்ணு, 2015ல ஆரம்பிச்ச மீஷோ மாதிரி ஷாப்பிங் ஆப் எல்லாம் மொதல்ல நம்மள மாதிரி ரீசெல்லர்ஸ வெச்சு தான் வளந்துச்சு, அப்புறம் கஸ்டமரே நேரா வாங்கற மாதிரி ஆயிடுச்சு. இப்ப நாம போடற போட்டோவ கூகுள்ல தேடி அதே மாதிரி புடவை அங்க எவ்ளோன்னு பாத்துருவாங்க. ஒத்த புடவைல மார்ஜின் தேஞ்சுகிட்டே தான் போகும்.

மார்ஜின் நிக்கறது செட் ஆர்டர்ல. கல்யாணம், சீர், வளைகாப்புன்னா இப்ப வீட்டு பொம்பளைங்க எல்லாரும் ஒரே புடவை கட்டறாங்க இல்லயா, அது பதினஞ்சு இருவது பீஸ் வரும். ஒரே ஆளு கூட பேச்சு, ஒரே பேமெண்ட், ஒரே பார்சல். பீசுக்கு அம்பது வெச்சாலும் இருவது பீசுக்கு ஆயிரம் ரூவா, அதுக்கு பேசறது ஒத்த புடவைக்கு பேசற அளவு தான். தமிழ்நாட்டுக்குள்ள வித்து வருஷ டர்ன்ஓவர் 40 லட்சத்துக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, பெங்களூரு கல்யாணம்னா கதை வேற, ஆடிட்டர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஆடி பொறந்ததும் ஆவணி முகூர்த்தக்காரங்க தேட ஆரம்பிச்சிருவாங்க, அப்ப ஸ்டேட்டஸ்ல செட் புடவை போட்டோவா போட்டு விடுங்க. ஆர்டர் வந்தா மொதல்ல தேதி கேளுங்க, தறில போட்டு தரணும்னா டைம் எடுக்கும். பாதி அட்வான்ஸ் வாங்கிட்டு ஒரு சாம்பிள் பீஸ் அனுப்பி கலர் ஓகே வாங்குங்க. எத்தன பீஸ் சொல்றாங்களோ அதுக்கு மேல ரெண்டு சேத்து ஆர்டர் பண்ண சொல்லுங்க, ஏன்னா அப்புறமா தனியா கேட்டா அதே சாயம் கெடைக்காது, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி லிஸ்ட்ல இல்லாத நாத்தனார் ஒருத்தங்க கட்டாயம் வந்து நிப்பாங்க.