காலால் அறிந்த நிலம்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். நம்மை உருவாக்கியதில் பெரும்பங்கு காலால் நடந்த பழைய வழிகளுக்கா, விரைந்து சென்று கண்ட புதிய உலகத்துக்கா என்பது இன்றைய கேள்வி. பழைய வழிகளுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், வண்டி இல்லாதவன்தான் நடந்தான், நடை என்பது நிர்ப்பந்தம் என்றார். நிலம் வெறும் பின்னணி, மனிதனை வளர்ப்பது அறிவுதான் என்றார். கடைசியாக, வைக்கத்தைச் சுட்டிக்காட்டி, பழைய பாதைகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லையே, மறுக்கப்பட்டவர்களை அவை சிறுமைப்படுத்தினவே, அவற்றில் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டார். அவருடைய உரையில் உயிருள்ள கேள்வி அந்தக் கடைசிக் கேள்விதான். மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நிர்ப்பந்தமா? ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்குப் போகும் யாத்திரைப் பாதை ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அந்த நகரில் ரயில் நிலையம் உண்டு, விமான நிலையமும் உண்டு. 1980-களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரைத் தாண்டாத அந்தப் பாதையில், 2023-இல் யாத்திரைச் சான்று பெற்றவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நடந்து வந்தவர்கள். இவர்களை யார் நிர்ப்பந்தித்தார்கள்?

நிலம் பின்னணியா? நம் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. கூடலும் பிரிவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அறிவியலும் மாறாகச் சொல்லவில்லை. தான்சானியாவின் லேட்டோலியில், எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களை 1978-இல் மேரி லீக்கியின் குழு கண்டெடுத்தது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. அப்படி நிமிர்ந்து நடந்தவர்களின் மூளை நம் மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். முதலில் நடந்தோம், மூளை பெருத்தது நெடுங்காலம் கழித்துத்தான்.

லண்டன் டாக்சி ஓட்டுநராக விரும்புகிறவர் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்வெழுத வேண்டும். அப்படிப் பயின்றவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. அவர்கள் நடந்தவர்கள் அல்லர், வண்டியில் போனவர்கள் என்று எதிரணி எழுந்து சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சியைத் தந்தது வேகம் அல்ல. பழைய தெருக்களுக்கே மீண்டும் மீண்டும் போய், ஒவ்வொரு திருப்பத்தையும் தன்னுடையதாக்கிக்கொண்ட பழக்கம் தந்தது. பாதை உடலுக்குள்ளேயே இடம் பிடித்துவிடுகிறது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. பாதைகள் மறுக்கப்பட்டன என்பது உண்மை, வலிக்கும் உண்மை. நாமும் வைக்கத்துக்கே போவோம். இன்றைய கேரளத்தில் உள்ள அந்த ஊரில், கோயிலைச் சுற்றிய சாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1924 மார்ச் 30 அன்று, வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த மூவர் தடைப் பலகையை நோக்கி நடந்து சென்று கைதானார்கள். அவர்கள் கேட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமையைக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமையை. பெரியார் வந்தார், இரண்டு முறை சிறை சென்றார். அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் சாலை மூழ்கியபோதும் தொண்டர்கள் தண்ணீருக்குள் நின்றார்கள். காவலர்கள் படகில் நின்று தடுத்தார்கள். அறுநூறு நாட்களுக்கு மேல் அந்தப் போராட்டம் நீடித்தது.

நடுவர் அவர்களே, அங்கே சுற்றுவழி இருந்தது. தூரம் கூடும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். போய்ச் சேர்வதுதான் பெரிது என்றால், சுற்றிப் போங்கள் என்பதோடு கதை முடிந்திருக்கும். ஏன் முடியவில்லை? தினமும் சுற்றிப் போகிற குழந்தைக்கு, நீ குறைந்தவன் என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அதன் கால்களே அதற்கு அதைக் கற்பித்துவிடும். நேர்வழியில் போகிற குழந்தைக்கும், தான் உயர்ந்தவன் என்ற நஞ்சை அதே சாலைதான் புகட்டியது. பிஞ்சு வயதில் இந்தப் பாடத்தை நடத்தியது புத்தகமா, விமானமா? தினமும் நடந்த வழி. அதனால்தான் அவர்கள் வேறு பாதை கேட்கவில்லை. அந்தப் பாதையையே கேட்டார்கள்.

இங்கிலாந்திலும் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் சில நூறு பேர், தங்களுக்கு மறுக்கப்பட்ட கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். அந்த மேடு 1951-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குள் வந்தது.

மறுக்கப்பட்ட பாதை மனிதனைச் சிறுமைப்படுத்தியது என்று எதிரணியே சொல்லிவிட்டது. சிறுமைப்படுத்தும் வலிமை ஒரு பாதைக்கு உண்டு என்றால், ஒருவரை ஆளாக்கும் வலிமை மட்டும் அதற்கு எப்படி இல்லாமல் போகும்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே.