மேட்டில் ஊர், பள்ளத்தில் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பிறந்தது சிவகங்கைப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போவதுதான் முதல் வேலை. அதனாலோ என்னவோ, மேற்படிப்புக்காக இத்தாலியில் பெருஜியா நகரத்துக்குப் போய் இறங்கி, மலை உச்சியில் இருந்த ஊரை அண்ணாந்து பார்த்தபோது, "எவ்வளவு அழகு" என்று தோன்றவில்லை. "இவ்வளவு உயரத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?" என்றுதான் தோன்றியது.

உம்பிரியா, தொஸ்கானா பகுதிகளில் பழைய ஊர்கள் பலவும் இப்படித்தான். ரயில் நிலையம் பள்ளத்தில், ஊர் மேட்டில். படைகளுக்குப் பயந்தும், சமவெளிச் சதுப்புகளின் மலேரியாவுக்குப் பயந்தும் மேலே ஏறிக்கொண்டார்கள். தண்ணீர் மட்டும் கூட ஏறவில்லை.

பெருஜியாவிலேயே விடை தேட ஆரம்பித்தேன். அங்கே ரோமானியர்களுக்கு முன்பே அந்தப் பக்கம் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் வெட்டிய கிணறு ஒன்று இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 37 மீட்டர் ஆழம். பிறகு 1270களில் பாச்சியானோ மலையிலிருந்து வாய்க்கால் கட்டி ஊர் நடுவே தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அது வந்து விழும் பளிங்கு நீரூற்று 1278இல் முடிந்தது. நிக்கோலா பிசானோவும் மகன் ஜொவான்னியும் செதுக்கியது. அந்தப் பழைய வாய்க்காலின் ஒரு பகுதி இன்று நடைபாதை. வீடுகளின் மாடி ஜன்னல்களுக்கு நடுவே, அந்தரத்தில் போவது மாதிரி இருக்கும். நான் வகுப்புக்குப் போனது அதன் மேல்தான். ஒருகாலத்தில் தண்ணீர் வந்த வழியில் நான் போய்வந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊர் ரொட்டியில் உப்பு கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்குக்கு அது பெரிய சோதனை. 1540இல் போப் மூன்றாம் பவுல் போட்ட உப்பு வரியை எதிர்த்து ஊர் கிளர்ந்தது, தோற்றது. அன்றிலிருந்து ரோஷத்தில் உப்பை விட்டோம் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. வரலாற்றாசிரியர்கள் இதை அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கிளர்ச்சியை அடக்கிய கையோடு வீதிகளை மூடி அதன் மேல் போப் கோட்டை கட்டியது நிஜம். பூமிக்கடியில் போன அந்த வீதிகள் வழியாக இன்று நகரும் படிக்கட்டு ஓடுகிறது. காய்கறிப் பையோடு அதில்தான் ஏறி இறங்குவோம்.

சனிக்கிழமை ஆனால் ரயில் ஏறிவிடுவேன். கூட இருந்த பிள்ளைகள் மத்தியானம் வரை தூங்குவார்கள், அதனால் தனியாகத்தான். அம்மா போனில் "தனியாவா போற?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெருமூச்சு விடுவார். தனியாகப் போவதன் சுகத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். கழிப்பறைக்குப் போகும்போது பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிணற்றைப் பார்த்து ஒரு மணி நேரம் நின்றாலும் "போதும் வா" என்று கையைப் பிடித்து இழுக்கவும் ஆள் இல்லை.

நான் அப்படி நின்று பார்த்த கிணறு ஓர்வியெத்தோவில் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய செங்குத்துப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது, போப் ஏழாம் கிளமெண்ட் தப்பித்து வந்து சேர்ந்த இடம். எதிரி சுற்றி வளைத்தால் தண்ணீர் இல்லாமல் சாக வேண்டுமே என்ற பயத்தில் கிணறு வெட்டச் சொன்னார். அந்தோனியோ த சங்கல்லோ என்ற கட்டடக் கலைஞர் 50 மீட்டருக்கு மேல் இறங்கினார். இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி, அடியில் சிறு பாலத்தில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, மற்றதில் ஏறிவிடும். இறங்குகிறதும் ஏறுகிறதும் எதிரெதிரே முட்டிக்கொள்ளவே முடியாது. ஊருணிக் கரையில் குடத்தோடு முட்டி மோதி வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாட்டைப் பார்த்து வயிற்றெரிச்சலே வந்தது. வேலை முடிந்தது 1537இல். வெட்டச் சொன்ன போப் 1534லேயே இறந்துவிட்டார்.

இந்த சங்கல்லோவின் தாய்மாமன் பெயரும் அந்தோனியோதான். அவர் கட்டியதாகச் சொல்லப்படும் கிணறு மோந்தேபுல்ச்சானோ ஊரின் பெரிய சதுக்கத்தில் இருக்கிறது. 1520ஆம் ஆண்டு வேலை. மேலே கல் சிங்கங்கள். ஆனால் நான் அந்த ஊருக்குப் போனது கிணற்றுக்காக அல்ல. நம் மதுரைக்கு 1606இல் வந்து, காவி உடுத்தி, தமிழும் வடமொழியும் கற்றுத் தமிழில் நூல்கள் எழுதிய தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தே நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியாரின் குடும்பத்துக்கு அதுதான் ஊர். இப்படிக் கல்லில் கிணறு கட்டியவர்கள் வழியில் வந்தவர், வைகை மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் எடுப்பதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்?

சனிக்கிழமை பஸ்ஸில் மேலே போய், ஓர் இரவு தங்கி, ஞாயிறு மத்தியானம் இறங்குவதாகத் திட்டம். நிறுத்தத்தில் இருந்த அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று போட்டு நிறைய நேரங்கள் இருந்தன. விடுமுறை நாளுக்கு அந்த மொழியில் 'ஃபெரியே' என்பார்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை பஸ்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனது. எதிர்வீட்டுப் பாட்டி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் இறங்கி வந்தார். ஃபெரியாலே என்றால் வேலை நாளாம். ஞாயிறு வேறு பட்டியல், அதில் எனக்கு உதவும் பஸ் ஒன்றும் இல்லை. ரயில் நிலையம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்.

"சோலா?" என்றார். தனியாகவா?

ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் என் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போய், நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "இறக்கம்தான்" என்று கையைக் கீழ்நோக்கி வீசிக் காட்டினார். நடந்து சேர இரண்டேகால் மணி நேரம் ஆனது. பாட்டில் பாதி வழியிலேயே காலி. கியூசி போகும் ரயிலுக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

வணக்கம்.