பேஜார்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிது. குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். நான் போகவில்லை. மறுநாள் மாடிப்படியில் பார்த்தபோது, "ஸ்வல்ப பேஜாராய்து" என்றார். நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு பேஜார் என்றால் தொல்லை, ரோதனை, வம்பு. நான் சாப்பிட வராததால் அந்த வீட்டில் என்ன ரகளையோ என்று பதறி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கன்னடத்தில் பேஜாரு என்றால் மனசு வாடுவது. பொழுது போகாவிட்டாலும் அங்கே பேஜாருதான். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் "பேஜார் மாட்கோபேடி" என்பார்கள்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன்.

வடசென்னை ரௌடி பாஷை என்று நம்மில் பலர் ஒதுக்கிவைத்த இந்தச் சொல்லின் பிறந்த வீடு பாரசீகம். அங்கே அதற்கு வெறுத்துப்போனவன், சலித்துப்போனவன் என்று பொருள். உருது கஜல்களில் கௌரவமாக உலவுகிற சொல். 'பே' என்றால் இல்லாத, 'ஜர்' என்றால் தங்கம், ஆகவே காசில்லாதவன் படும் பாடு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மாதக் கடைசியில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; நான் நம்புவதில்லை. பஜாருக்கும் இதற்கும் உறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லும் பாரசீகம்தான், ஆனால் அது வேறு குடும்பம்.

மராட்டியில் பேஜார் என்றால் அலுத்துக் களைத்துப்போவது. மலபார்ப் பக்கம் அது கவலை. "பேஜாராவண்டா" என்றால் பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். வங்காளிகள் அதை முகத்தில் ஏற்றிவிட்டார்கள்: 'ப்யாஜார்' முகம் என்றால் நம் உம்மணாமூஞ்சி. அஸ்ஸாமில் அது சுத்தமான துக்கம். "மோர் பேஜார் லாகிசே" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் போய் உட்கார வேண்டிய நேரம் என்று புரிந்துகொள்ளுங்கள். எங்கே போனாலும் அது மனசுக்குள்ளேயே இருந்தது. சென்னைக்காரன்தான் அதை வெளியே இழுத்துத் தெருவில் விட்டான். "பேஜார் பண்ணாதபா!" என்று நாம் சொல்லும்போது பேஜார் நம் மனசில் இல்லை, எதிரே நிற்கிறவன் செய்கிற காரியம் அது.

எப்படி வந்தது? ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் 1768இல் அரண்மனை கட்டினார். அந்த தர்பாரில் எழுத்து பாரசீகம். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைத் தெருக்களில் உருதுப் பேச்சு. தாசில்தார், வசூல், ஜப்தி, பாக்கி எல்லாம் அரசாங்கக் காகிதத்தில் ஏறி நம்மிடம் வந்தவை. பேஜாரை எந்தக் காகிதத்தில் எழுதுவது? அது வாய்மொழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வடசென்னைத் தெலுங்கர் பேச்சிலும் பேஜாரு உண்டு என்பதால், இரண்டு பக்கமிருந்தும் காதில் விழுந்திருக்கும்.

ஒலியைப் பற்றியும் கொஞ்சம். பாரசீக மூலத்தில் நடுவில் வருவது நம் 'ஜ' அல்ல. பல்லிடுக்கில் காற்று உரசிவரும் வேறொரு ஒலி. ஜமீனிலும் பஜாரிலும் செய்ததைப் போலவே அதையும் நாம் 'ஜ' ஆக்கிக்கொண்டோம். அஸ்ஸாமியர் இன்றும் அதை உரசலோடு சொல்கிறார்கள். முதல் எழுத்தின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய பாரசீகக் கவிகள் காலத்தில் அது 'பே'. பிறகு ஈரானில் அந்த 'ஏ' ஒலி 'ஈ' ஆகிவிட்டது. இன்று தெஹ்ரானில் ஒருத்தி காதலனை உதறும்போது "பீஜாரம்" என்பாள், வெறுக்கிறேன் என்று. காபூலில் பழைய 'பே' இருக்கிறது. காசிமேட்டிலும் இருக்கிறது.

அந்த அம்மா இப்போதும் போன் செய்வார். ரெண்டு வாரம் நான் பேசாமல் இருந்தால் எடுத்தவுடன் அதே சொல்தான். நானும், "சாரிம்மா, இங்க ஆபீஸ்ல ஒரே பேஜாரு" என்பேன். என் பேஜார் அவருக்கு எப்படிக் கேட்கிறதோ, "ஐயோ பாவம், சாப்பிட்டியா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.