பனி மேல செலோடேப் ஒட்டாதீங்க!

வணக்கம் மக்களே. போன வீடியோல காட்டின ஜப்பான் ஓவியர் குனியோஷியோட படம், மரக்கட்டையில செதுக்கிக் கையால அச்சடிச்ச அந்தக் கையச்சு மறுபதிப்பு, பிரேம் போட்டு வந்துருச்சு. திருப்பிப் பாத்தா நாலு மூலையிலயும் செலோடேப்! கடை பேரு வேண்டாம். ஆனா இதைப் பேசாம விட முடியாது.

புதுசா பாக்குறவங்களுக்கு: இது சூஷிங்குராங்கிற ஜப்பான் நாடகத்தோட பதினோராம் அங்கம், ராத்திரித் தாக்குதல். உதகாவா குனியோஷி 1830கள்ல போட்டது. 1701ல அசானோங்கிற பிரபு எடோ (இன்னைய டோக்கியோ) கோட்டைக்குள்ள கிராங்கிற அதிகாரி மேல வாளை உருவிட்டாரு. அன்னிக்கே வயித்தக் கிழிச்சுக்கணும்னு தீர்ப்பு. அவரோட சாமுராய்கள் 47 பேரு பழிவாங்கக் காத்திருந்து, 1703 ஜனவரில கிரா வீட்டுக்குள்ள புகுந்தாங்க. 1748ல இதைப் பொம்மை நாடகமா போட்டப்போ, சமகால விஷயத்த மேடையேத்தத் தடை இருந்ததால பேரெல்லாம் மாத்தி, கிராவ மோரோனாவோ ஆக்கிட்டாங்க.

இந்தப் படத்துல வெட்டுக்குத்து கிடையாது. சத்தமில்லாம மதில் ஏறுறாங்க. ஒருத்தர் மட்டும் நாய்ங்க குரைக்காம இருக்கத் தீனி போட்டுட்டிருக்காரு. எனக்கு மொத்தப் படத்துலயும் அவரைத்தான் பிடிக்கும். தலைவனுக்காக உயிரைக் கொடுக்க வந்தவரு, நாய்க்கு முன்னாடி பொறுமையா நிக்கிறாரு பாருங்க.

சுத்தி எல்லாம் பனி. அந்தப் பனிக்கு வெள்ளை மை ஏதும் அடிக்கல, வெறும் காகிதம்தான் பனி. அது மேல சாம்பல் நிறத்துல ஆளுங்களோட நிழல். அந்தக் கால ஜப்பான் அச்சுப் படத்துல இப்படி நிலா வெளிச்சத்துல நிழல் விழறது ரொம்ப அபூர்வம்.

இப்ப செலோடேப்புக்கு வரேன். அதோட பசை நாளாக ஆக மஞ்சளாகி, காகிதத்தோட கோசோ (ஜப்பான் காகிதம் செய்யற மரப்பட்டை) நாருக்குள்ள இறங்கி, முன்பக்கம் எண்ணெய்க் கறை மாதிரி தெரியும். கலர் அடிச்ச இடம்னா கொஞ்சம் மறையும். இங்க கீழ் மூலையில இருக்கறது பனியாச்சே! பழுப்பாச்சுன்னா படமே போச்சு. பிய்ச்சு எடுக்கவும் பாக்காதீங்க, நாரு கூடவே உரிஞ்சு வரும். காகிதப் பாதுகாப்பு தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

சரியான முறை இதுதான். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணி நாலு அஞ்சு பங்கு. சின்னத் தீயில அரை மணி நேரம் கிண்டிக்கிட்டே இருங்க, ஆறினதும் சல்லடையில தேய்ச்சு வடிகட்டுங்க. சப்பாத்தி மாவு வேண்டாம், அதுல இருக்குற புரதம் பூச்சிய இழுக்கும். மெல்லிசு வாஷி (ஜப்பான் கைக்காகிதம்) காகிதத்துல ரெண்டே ரெண்டு பட்டை, கையால கிழிச்சது. கத்தரியில வெட்டினா விளிம்பு முன்பக்கம் தடமா தெரியும். மேல் ஓரத்துல மட்டும், படத்துக்குப் பின்னாடி அஞ்சு மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்டுங்க, பட்டையோட மீதிய பின் அட்டையில ஒட்டுங்க. கீழ்ப்பக்கம் விட்டுடுங்க. ஈரக்காத்துல காகிதம் விரியும், நாலு பக்கமும் பிடிச்சு வச்சா அலை அலையா எழும்பிடும்.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். அந்தத் தெருவோட அமைப்பு இருக்கே, அது எடோவே இல்ல! டச்சுக்காரர் யோஹான் நியூஹோஃப் எழுதி 1682ல வந்த பயணப் புத்தகத்துல இருக்குற பதாவியா (இன்னைய ஜகார்த்தா) நகரப் படத்துல இருந்து எடுத்தது. அந்த நியூஹோஃப் டச்சுக் கம்பெனிக்காக நம்ம தூத்துக்குடியிலயும் வேலை பாத்தவரு. இதை நினைச்சாலே எனக்குப் புல்லரிக்குது.

கையச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நிறைய பேரு கேட்டீங்க. பத்து மடங்கு லென்ஸ் வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது ஆப்செட், அதாவது மெஷின் அச்சு. அப்புறம் திருப்பி, டார்ச்ச பக்கவாட்டுல அடிங்க. பாரன் (அச்சடிக்கும்போது காகிதத்த அழுத்தித் தேய்க்கிற வட்டப் பட்டை) வச்சுத் தேய்ச்ச வட்டத் தடம் தெரியணும், மை பின்பக்கம் லேசா கசிஞ்சிருக்கணும். பிரேம் கடைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடியே இதைப் பாத்து, பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.