வெள்ள இரவில் சென்னைக்கு வானொலியே துணை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பெருமழையில் தலைநகருக்குக் கைகொடுப்பது கைப்பேசியா, வானொலியா?" என்பது கேள்வி. நான் வானொலியின் பக்கம். எனக்கு முன் பேசிய அம்மையார், "மொட்டை மாடியில் நின்றபடியே இருக்குமிடத்தைப் படகுக்காரருக்கு அனுப்பலாமே" என்றார். அனுப்பலாம் அம்மா, டவர் வேலை செய்தால்.

2015 டிசம்பர் 1-ஐ நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில், விநாடிக்கு 68 லாரி! அத்தனையும் அடையாற்றில். கரண்ட் போனது, பல பகுதிகளில் கைப்பேசியும் செத்தது. மறுநாள் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878 முதல் வரும் பத்திரிகைக்கே அந்த நிலை.

டவர் ஏன் சாகிறது? கரண்ட் போனால் சில மணி நேரம் பேட்டரி தாங்கும். பிறகு ஜெனரேட்டர். தரையில் வைத்திருந்தால் அது மூழ்கும். மேடையில் வைத்திருந்தாலும் டீசல் கொண்டுவர வழியிருக்காது. ஊர் முழுக்க இருக்கும் டவர்கள் அத்தனைக்கும் இதே பாடு. போதாததற்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்க, பிழைத்த டவரும் திணறும். பண்பலைக்கு உயரமான ஒரு கோபுரம் போதும், நகரம் முழுக்கக் கேட்கும். காப்பாற்ற வேண்டியது அந்த ஒலிபரப்பியையும், நிலையத்திலிருந்து அதற்குப் போகும் இணைப்பையும், இரண்டுக்குமான ஜெனரேட்டரையும்தான். ஆயிரம் பேர் கேட்டாலும் ஐம்பது லட்சம் பேர் கேட்டாலும் சுமை ஒன்றே. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பே 1977-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது!

அதே 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று கைப்பேசியில் பரவியதே, நினைவிருக்கிறதா? அது பொய். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எதுவும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வானொலியில் நிலையத்தின் பெயரும் நேரமும் சொல்லித்தான் செய்தி வாசிக்கிறார்கள். தவறென்றால் அதே அலைவரிசையில் திருத்தவும் முடியும்.

வானொலியிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். "தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்ற அறிவிப்பால் ஒருவரும் நகர மாட்டார். தன் தெரு தாழ்வானது என்று யார் நினைக்கிறார்கள்? "மணி இரவு ஒன்பது. அடையாற்றில் தண்ணீர் ஏறுகிறது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் இப்போதே கிளம்புங்கள். இன்ன பள்ளி திறந்திருக்கிறது, இன்ன பாலம் மூடியிருக்கிறது" என்று கால் மணிக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்கு இரவுப் பணியில் ஆளும், நீர்வளத் துறைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நேரடித் தொடர்பும் வேண்டும். பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனால் நடக்காது.

வீட்டில் வேண்டியது இரண்டு பென்சில் செல் போடும் சின்ன ரேடியோ. செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து, சுருள் கம்பி துருப்பிடிக்கும், அவசரத்துக்குப் பேசாது. கழற்றித் தனியே வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் புது செல் போட்டு, ஏரியலை முழுக்க நீட்டி, ஜன்னலோரம் ஒருமுறை பாடவிட்டுப் பாருங்கள். எதிரணியினரின் கைப்பேசியில் பண்பலை வசதி இருந்தால், காதொலிக் கம்பியைச் செருகுங்கள். அந்தக் கம்பிதான் ஏரியல், இணையமே வேண்டாம். அந்த வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் ஒன்றிய அரசே தயாரிப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறது, நடுவர் அவர்களே.